துணி உலரத் தாமதமாவது ஏன்?

ஐப்பசி பிறந்து அடைமழை தொடங்கிவிட்டால், சேவுகம்பட்டியிலும் அதனைச் சூழ்ந்துள்ள பட்டிவீரன்பட்டி, அய்யம்பாளையம் முதலிய ஊர்களிலும் வாழும் தாய்மார்களுக்கு ஒரு கவலை தவறாமல் வந்து சேரும். மேற்கே கீழ்ப்பழனி மலைகளின்மீது கருமேகம் கவிந்து நிற்கும். முற்றத்துக் கொடியில் போட்ட துணியை எடுப்பதும், வெயில் எட்டிப் பார்த்தால் மீண்டும் போடுவதுமாகப் பகற்பொழுது கழிந்துவிடும். பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடை இரண்டே இருக்கும் இல்லங்களில், ஒன்று உடலில் இருக்க மற்றொன்று கொடியில் ஈரமாகவே தொங்கும். அரைகுறை ஈரத்தோடு சட்டையை மாட்டிக்கொண்டு செல்லும் பிள்ளைக்கு இடுப்பிலும் அக்குளிலும் படை வந்து அரிக்கத் தொடங்கினால், அதற்கென மருத்துவச் செலவு வேறு.

இவ்வின்னலுக்கு விடையாகவே இன்று பல இல்லங்களில் இரட்டைத் தொட்டி வாஷிங் மெஷின் இடம் பிடித்துள்ளது. ஒரு தொட்டியில் துணி துவைக்கப்படுகிறது, மற்றொன்றில் சுழற்றப்படுகிறது. அந்த இரண்டாவது தொட்டியை நாம் ‘டிரையர்’ என்கிறோம். கடல் கடந்து வாழும் நம் பிள்ளைகளும் தங்கள் வீட்டில் டிரையர் இருப்பதாகக் கூறுகிறார்கள். “அம்மா, டிரையரில் போட்டு இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது, துணி இன்னும் காயவில்லை” என்று டொராண்டோவிலிருந்து மகள் தொலைபேசியில் குறைப்பட்டுக்கொள்ள, “இங்கேயும் அதே கதைதான், பாப்பா, சுற்றி எடுத்த துணியில் தண்ணீர் சொட்டுகிறது” என்று தாய் விடை கூறுவது நம் வீடுகளில் கேட்கக்கூடிய உரையாடலே. இருவரும் ஒரே பெயரைச் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் குறிப்பிடும் கருவிகள் முற்றிலும் வேறானவை. தாயின் வீட்டிலுள்ளது துணியிலிருந்து நீரைப் பிழிந்தெடுக்கும் கருவி. மகளின் வீட்டிலுள்ளது நீரை ஆவியாக்கி வெளியே அனுப்பும் கருவி. எனினும் இரண்டும் தாமதிப்பதற்குப் பெரும்பாலும் ஒரே வகையான காரணமே உண்டு: வெளியேற வேண்டியது வெளியேற வழியின்றி அடைபட்டுக் கிடக்கிறது. முன்னதில் அடைபடுவது நீர். பின்னதில் அடைபடுவது காற்று. பின்னதன் அடைப்பு வீட்டையே எரித்துவிடவும் கூடும் என்பதால், இதனைச் சற்று விரிவாகவே ஆராய விரும்புகிறோம்.

காப்பிக் களம் கற்பிப்பது

உலர்தல் என்றால் என்னவென்று இவ்வட்டாரத்து மக்களுக்குப் புதிதாக எடுத்துரைக்க வேண்டியதில்லை. மலையிலிருந்து வந்திறங்கும் காப்பிக் கொட்டையைக் களத்தில் பரப்பி உலர்த்தும் முறையைக் கண்டவர்கள் அவர்கள். கொட்டையை மேடாகக் குவித்தால் மேலே உள்ளது காயும், அடியில் உள்ளது புழுங்கிக் கெடும். எனவே மெல்லிய படலமாகப் பரப்பி, அடிக்கடி கிளறிவிட்டு, மாலையில் பனியிலும் மழையிலும் நனையாதபடி குவித்து மூடுகிறார்கள். வெயில் ஒன்றே போதுமென்றால் கிளற வேண்டிய தேவையே இல்லை. கொட்டையைச் சுற்றி ஈரமேறி நிற்கும் காற்று விலகி, உலர்ந்த காற்று அவ்விடத்திற்கு வரவேண்டும்; அதற்காகவே இந்தக் கிளறல்.

துணிக்கும் இதுவே நியதி. வெப்பம், உலர்ந்த காற்று, காற்றின் ஓட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் ஈரம் நீங்கும். 30 டிகிரி வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். அதற்கு மேல் தாங்காது. அதே காற்றை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் ஏறத்தாழ 130 கிராம் வரை தாங்கும். மழைக்காலக் காற்றோ முன்னமே ஈரத்தால் நிறைந்திருப்பதால், நம் துணியிலிருந்து மேலும் ஈரத்தை வாங்கிக்கொள்ள அதனிடம் இடமில்லை. கார்த்திகை மாதத்தில் துணி காயாததற்கு வெயிலின்மை பாதிக் காரணம். காற்றின் ஈரமே மீதிக் காரணம்.

இன்னொரு கணக்கையும் நம் குடும்பத் தலைவர்கள் மனத்திற்கொள்ளல் நலம். ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க, வீணாகும் வெப்பத்தைச் சேர்க்காமலே, ஏறத்தாழ 0.7 யூனிட் மின்சாரத்திற்கு இணையான வெப்பம் வேண்டும். அதே ஒரு லிட்டர் நீரைத் துணியிலிருந்து சுழற்றிப் பிழிந்தெடுப்பதற்கு ஆகும் மின்சாரம் இதில் மிகச் சிறு பங்கே. ஆகவே எந்த நாட்டில் எந்தக் கருவியை வைத்திருந்தாலும், பிழிந்தெடுக்கக்கூடிய நீர் முழுவதையும் பிழிந்தெடுத்த பிறகே சூட்டை நாடவேண்டும். சூடான காற்றில் உலர்த்தும் இயந்திரம் மிகவும் தாமதிக்கிறதென்று வரும் முறையீடுகளில் ஒரு பகுதி, உண்மையில் அதற்கு முன் துணியைச் சுழற்றிய வாஷிங் மெஷின் மீது வைக்கப்பட வேண்டியவையே!

இதனைக் கண்டறிய எளியதொரு வழி உண்டு. உலர்ந்த துணிகளைத் துவைக்குமுன் ஒருமுறை எடைபோடுங்கள். துவைத்துச் சுழற்றி எடுத்தபின் மீண்டும் எடைபோடுங்கள். 4 கிலோ பருத்தித் துணி சுழற்றியபின் 6 கிலோ அளவில் இருந்தால், சுழற்றும் கருவி தன் கடமையைச் செவ்வனே செய்திருக்கிறது. 8 கிலோவை நெருங்கினால், துணி தன் எடைக்கு நிகரான நீரைச் சுமந்து நிற்கிறது என்று பொருள். கோளாறு சுழற்சியில் உள்ளது. நைலான், பாலியெஸ்டர் முதலிய இழைகள் பருத்தியைவிடக் குறைவாகவே நீரைப் பிடித்துக்கொள்வதால், இச்சோதனைக்குப் பருத்தித் துணியையே எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் வீட்டு டிரையர் தொட்டி

இரட்டைத் தொட்டி இயந்திரத்தின் டிரையர் பக்கத்தில் சூடேற்றும் கம்பி எதுவும் கிடையாது. துளைகள் நிறைந்த ஒரு கூடை நிமிடத்திற்கு ஆயிரம் முறைக்கு மேல் சுழல்கிறது; தயிர் கடையும்போது துளிகள் தெறிப்பதுபோல், துணியிலுள்ள நீர் துளைகள் வழியே வெளியே வீசப்பட்டு, கீழே வடிந்து, குழாய் வழியாக வெளியேறுகிறது. இவ்வளவே அதன் வேலை. ஆதலின் இதிலிருந்து எடுத்த துணி முற்றிலும் காய்ந்திருக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது தவறு. நீர் சொட்டாமல், கையால் முறுக்கினால் ஈரம் கசியாமல் இருந்தால் அதுவே நிறைவு.

அவ்வாறின்றிச் சொட்டச் சொட்ட வருமானால், முதலில் கழிவு நீர்க் குழாயைப் பாருங்கள். நாம் கண்டவரையில், பாதிக்கு மேற்பட்ட இல்லங்களில் குற்றம் இதனிடமே இருக்கும். இக்குழாய் தரையில் படிந்து, இயந்திரத்தைவிடத் தாழ்வான இடத்தில் நீரை விடவேண்டும். நம் வீடுகளிலோ குளியலறைத் துளை சற்று உயரத்தில் இருப்பதால் குழாயைத் தூக்கிச் செருகிவிடுகிறோம். அல்லது சுவருக்கும் இயந்திரத்திற்கும் இடையே அது நசுங்கிக் கிடக்கிறது. வெளியேற முடியாத நீர் கூடையின் அடியிலேயே தேங்கி நின்று, சுழலும் கூடையைப் பிடித்து இழுக்கிறது. மேலே தெறித்து மீண்டும் துணியை நனைக்கவும் செய்கிறது. குழாயை மேட்டில் செருகுவதைத் தவிர்க்க இயலாதெனில், இயந்திரத்தை நான்கு அங்குலம் உயர்த்தும் உறுதியான தாங்கியின்மீது வைப்பது நலம். ஆடாத, சமமான தாங்கியாக அது இருக்க வேண்டும்; செங்கற்களை அடுக்கி வைக்கும் வழக்கத்தை நாம் பரிந்துரைப்பதில்லை. சுழற்சியின் அதிர்வில் செங்கல் நகர்ந்துவிடும்.

குழாய் சரியாக இருந்தும் நீர் மெல்ல வடியுமானால், உள்ளே நூற்பிசிறும் சோப்புக் கசடும் படிந்திருக்கும். குழாயைக் கழற்றி வேகமாக நீர் பாய்ச்சினால் கருநிறத்தில் ஒரு கட்டி வந்து விழுவதைக் காணலாம். சட்டைப் பையிலிருந்து நழுவிய பித்தான், காசு, குழந்தையின் காலுறை முதலியன கூடைக்கும் வெளித்தொட்டிக்கும் இடையே சிக்கியிருப்பதும் உண்டு.

அடுத்தது துணியை அடுக்கும் முறை. கனமான ஜீன்ஸ் ஒரு புறமும் மெல்லிய தாவணி மறு புறமுமாகப் போட்டால் கூடை ஒருபக்கம் சாய்ந்து, இயந்திரம் முழுவதும் தடதடவென்று குலுங்கி, உரிய வேகத்தை அடையாமலே நேரம் முடிந்துவிடும். கனமானவற்றை அடியில் வட்டமாகப் பரப்பி, இலேசானவற்றை மேலே வைத்து, கையால் அழுத்தி, அதனுடன் தரப்பட்ட பிளாஸ்டிக் தட்டை மேலே பொருத்துங்கள். அந்தத் தட்டைப் பலரும் தேவையற்றதென்று பரணில் போட்டுவிடுகிறார்கள். அது இல்லையேல் துணியின் முனை மேலெழும்பி, கூடைக்கு வெளியே சிக்கிக் கிழியும்.

இவை யாவும் சரியாக இருந்தும் கூடை மெதுவாகவே சுழன்றால், இயந்திரத்தின் உட்பகுதியில் கோளாறு என்று கொள்ளலாம். மூடியைத் திறந்தவுடன் கூடையை நிறுத்துவதற்கென ஒரு பிரேக் உண்டு. மூடியோடு அதனை இணைக்கும் கம்பி தளர்ந்துவிட்டால், மூடி மூடியிருக்கும்போதும் பிரேக் கூடையை உரசிக்கொண்டேயிருக்கும். கருகிய ரப்பர் வாடை வருவது இதன் அடையாளம். மோட்டார் ‘உம்’மென்று முனகியும் சுழலாமல் நின்று, கையால் தள்ளிவிட்டால் மட்டும் சுழல்வதற்குப் பெரும்பாலும் கெப்பாசிட்டர் என்னும் சிறு பாகம் வலுவிழந்ததே காரணம். விலை மலிவான பாகந்தான். ஆயினும் மின்சாரத்தைத் துண்டித்த பின்னரும் அது மின்னேற்றத்தைத் தன்னுள் வைத்திருக்கக்கூடியதாகையால், பழக்கமுள்ள எலக்ட்ரீஷியனிடமே அதனை விடுங்கள். மாலை வேளையில் மட்டும் கூடை மெதுவாகச் சுழல்கிறதென்றால், மின்னழுத்தக் குறைவு காரணமாக இருக்கலாம். காலையில் ஒருமுறை இயக்கிப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும்.

ஒன்றை மட்டும் அழுத்தமாகக் கூறுகிறோம். பிரேக் கெட்ட இயந்திரத்தில், மூடியைத் திறந்த பின்னும் கூடை நெடுநேரம் சுழன்றுகொண்டிருக்கும். சுழலும் துணியைப் பற்றினால் அது கையையும் சேர்த்தே சுற்றி இழுத்துவிடும். சிறுபிள்ளைகள் எட்டிப் பார்க்கும் உயரத்தில் உள்ள கருவி இது. பிரேக் பழுதானதென்று தெரிந்த நாளிலேயே, சீர் செய்யும்வரை அதன் பயன்பாட்டை நிறுத்திவிட வேண்டும்.

கடல் கடந்த வீடுகளில்

இனி, சூடான காற்றால் உலர்த்தும் இயந்திரத்திற்கு வருவோம். நம் நாட்டில் பெரிய மருத்துவமனைகளிலும் தங்கும் விடுதிகளிலும் மாநகர அடுக்ககங்கள் சிலவற்றிலும் இதனைக் காணலாம்; கனடாவிலும் அமெரிக்காவிலுமோ இது வீட்டுக்கு வீடு உள்ள பொருள். இதன் வரலாறு நெடியது. 1800-ஆம் ஆண்டையொட்டி, பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த போஷோன் என்பவர், துளையிட்ட உருளையில் துணியை இட்டு, நெருப்பின்மேல் கையால் சுழற்றும் கருவியொன்றை அமைத்தார். துணியில் புகையேறி, சிலவேளை தீயும் பற்றியது என்பர். 1892-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் சாம்ப்சன் என்பவர் அடுப்பின் சூட்டைப் பயன்படுத்தி உலர்த்தும் அமைப்பு ஒன்றிற்குக் காப்புரிமை பெற்றார். கடுங்குளிர் மிகுந்த வட டகோட்டாவைச் சேர்ந்த ராஸ் மூர் என்பவரின் முயற்சியால் தானியங்கி உலர்த்தி உருவாகி, 1938-இல் ஹாமில்டன் நிறுவனத்தாரால் விற்பனைக்கு வந்தது. பனிக்காலத்தில் கொடியில் போட்ட துணி பலகைபோல் உறைந்துவிடும் நாட்டில் இத்தகைய கருவி தோன்றியதில் வியப்பொன்றுமில்லை.

இதன் அமைப்பு சிக்கலானதன்று. உருளை துணியைப் புரட்டிக்கொண்டேயிருக்கிறது. காப்பிக் களத்தில் கிளறும் வேலையை இது செய்கிறது. விசிறி காற்றை இழுக்கிறது. சூடேறிய காற்று துணிகளின் ஊடே புகுந்து, ஈரத்தை வாங்கிக்கொண்டு, நூற்பிசிறைப் பிடிக்கும் வலையைக் கடந்து, சுவரில் பதித்த குழாய் வழியே வீட்டுக்கு வெளியே செல்கிறது. இப்பாதையில் எங்கே அடைப்பு நேர்ந்தாலும், ஈரக் காற்று உருளைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். சூடு இருக்கும், உலர்வு இராது. புழுக்கமான நாளில் சன்னலை அடைத்த அறையில் துணி காயப் போட்டதைப் போன்ற நிலைதான்.

முக்கால் மணி நேரத்தில் உலர்ந்த துணிக்கு இப்போது ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகிறதென்றால், வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் உடனே பழுதுபார்ப்பவரை அழைக்க வேண்டியதில்லை. சூட்டை மேலும் கூட்டி வைப்பதோ கூடவே கூடாது. முதற்கண் பிசிறு வலையைக் கவனிக்கட்டும். ஒவ்வொரு முறையும் துணி போடுவதற்கு முன் அதில் ஒட்டியுள்ள பஞ்சுப் படலத்தை உரித்தெடுக்க வேண்டும். வலை பார்வைக்குத் தூய்மையாக இருந்தும் அடைபட்டிருக்கக்கூடும் என்பதே இங்குப் பலர் அறியாத செய்தி. துணிக்கு மென்மையும் மணமும் ஊட்டுவதற்காக உலர்த்தியில் போடும் தாள்களிலிருந்து மெழுகு போன்ற ஒரு பூச்சு வலையின் கண்களில் படிந்துவிடுகிறது. வலையைக் குழாயடியில் பிடித்து நீரை ஊற்றிப் பாருங்கள். நீர் வடியாமல் மேலேயே நிற்குமானால், காற்றும் அவ்வாறே தடைபடும். வெந்நீரும் சோப்பும் கொண்டு மெல்லிய தூரிகையால் தேய்த்து, நன்கு உலர்த்திப் பொருத்தினால் போதும்.

வலையைக் கடந்து செல்லும் பிசிறும் சிறிதன்று. அது வலை பொருந்தும் குழிக்குள்ளும், பின்புறக் குழாயிலும், வீட்டின் வெளிச்சுவரிலுள்ள சிறு கதவிலும் படிகிறது. மின்செருகியைக் கழற்றிவிட்டு, இயந்திரத்தை முன்னால் நகர்த்தி, குழாயைப் பிரித்துப் பார்க்கவேண்டும். பாதிக் குழாய் பஞ்சால் நிறைந்திருப்பதைக் கண்டு திகைப்பவர்கள் பலர். நெளிவுநெளிவாக மடியும் பிளாஸ்டிக் குழாயோ மெல்லிய ஈயத்தாள் போன்ற குழாயோ இருந்தால், அதனை அகற்றி, வழுவழுப்பான உட்புறம் கொண்ட தகரக் குழாயைப் பொருத்துவதே தக்கது. நெளிவுகளில் பஞ்சு தங்கும். இயந்திரத்தைச் சுவரோடு தள்ளும்போது அக்குழாய் நசுங்கியும் விடும். குழாயின் நீளமும் கவனிக்கத்தக்கது. அமெரிக்க நாட்டின் வீட்டுக் கட்டட விதிகளின் பொதுவான வரம்பு 35 அடி. நேர்கோணத் திருப்பம் ஒவ்வொன்றிற்கும் ஏறத்தாழ 5 அடியைக் கழித்துக்கொள்ள வேண்டும். நிலவறையில் இயந்திரத்தை வைத்து, மூன்று நான்கு திருப்பங்களோடு குழாயை இழுத்துச் செல்லும் பழைய வீடுகளில், புதிய இயந்திரம் வாங்கினாலும் குறை தீராதது இதனால்தான்.

பிறகு வெளியே சென்று சுவர்க் கதவைப் பாருங்கள். இயந்திரம் ஓடும்போது அக்கதவு நன்றாகத் திறந்து, வெதுவெதுப்பான காற்று கையில் வலுவாக மோத வேண்டும். பறவைகள் கூடு கட்டியிருக்கலாம்; குளிர்காலத்தில் பனிக்குவியல் மூடியிருக்கலாம். எரிவாயுவால் சூடேறும் உலர்த்தியாக இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. அதன் கழிவுக் காற்றில் கார்பன் மோனாக்சைடு என்னும் நிறமும் மணமுமற்ற நச்சு வாயு இருக்கக்கூடும். அடைபட்ட குழாய் அதனை வீட்டுக்குள்ளேயே திருப்பிவிடும். அத்தகைய இயந்திரத்தைக் குழாயைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம்கூட இயக்கலாகாது.

காற்றின் பாதை முற்றிலும் தெளிவாக இருந்தும் உருளைக்குள் சூடே இல்லையென்றால்தான் மின்பாகங்களைச் சந்தேகிக்க வேண்டும். வட அமெரிக்க வீடுகளில் மின் உலர்த்திக்கு இரண்டு மின்கம்பிகள் வழியே 240 வோல்ட் வருகிறது. அவற்றுள் ஒன்று மட்டும் அறுபட்டாலோ அதன் பாதுகாப்பு விசை விழுந்தாலோ, மோட்டார் ஓடும், உருளை சுழலும், விளக்கும் எரியும். சூடு மட்டும் வராது. இயந்திரம் கெட்டதென்று எண்ணிப் பணத்தைச் செலவழிப்பதற்கு முன், மின்பெட்டியில் அவ்விசையை ஒருமுறை முழுவதுமாக அணைத்துப் போட்டுப் பார்ப்பது நலம். அது சரியாக இருந்தால், மிகைச் சூட்டில் உருகி மின்சாரத்தைத் துண்டிக்கும் வெப்ப பியூஸ் போயிருக்கலாம். அது தானாகப் போவதில்லை; குழாய் அடைபட்டுச் சூடு மிகுந்ததால் போயிருக்கும். அடைப்பை நீக்காமல் பியூஸை மட்டும் மாற்றினால், அது மீண்டும் உருகிப் போகும். சிலர் பொறுமையிழந்து பியூஸை நீக்கிவிட்டுக் கம்பியை நேரே இணைத்துவிடுகிறார்கள். இதனைவிடக் கொடிய செயல் இவ்விஷயத்தில் வேறில்லை.

ஐரோப்பிய வீடுகளில் குழாயே இல்லாத உலர்த்திகள் மிகுதி. அவை ஈரக் காற்றைக் குளிரவைத்து, நீராக்கி, ஒரு தொட்டியில் சேர்க்கின்றன. அந்தக் குளிர்விப்பானில் பஞ்சு படியும். கையேட்டில் குறித்தபடி அதனைக் கழுவவோ துடைக்கவோ வேண்டும். நீர்த்தொட்டியையும் ஒவ்வொரு முறையும் காலி செய்ய வேண்டும். வெப்ப ஏற்றி முறையில் இயங்கும் புதுவகை உலர்த்திகள் மின்சாரத்தை வெகுவாகச் சேமிக்கின்றன. ஆனால் குறைந்த சூட்டில் வேலை செய்வதால் இயல்பாகவே இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளும். அவை தாமதிப்பதைப் பழுதென்று கருதவேண்டாம்.

பஞ்சும் நெருப்பும்

இவ்வளவு நேரம் பிசிறைப் பற்றியே பேசுவானேன் என்று வாசகர்கள் எண்ணலாம். உலர்ந்த பருத்திப் பஞ்சு எவ்வளவு விரைவில் தீப்பற்றும் என்பதை விளக்குத்திரி திரித்த கைகள் அறியும். உலர்த்திக்குள் அப்பஞ்சும், செந்தழலாய்ச் சூடேறும் கம்பியும், காற்றும் ஒரே பெட்டிக்குள் அடைபட்டிருக்கின்றன. 2008 முதல் 2010 வரையிலான ஆண்டுகளை ஆராய்ந்த அமெரிக்க அரசின் தீயணைப்புத் துறை நிர்வாகம், அந்நாட்டின் இல்லங்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,900 உலர்த்தித் தீ விபத்துகள் நேர்ந்ததாகவும், அவற்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 பேர் உயிரிழந்து 100 பேர் காயமுற்றதாகவும் மதிப்பிட்டது. முதன்மையான காரணம், நூற்றுக்கு 34 விபத்துகளில், சுத்தம் செய்யாமையே.

இங்கிலாந்தில் நடந்ததோ இன்னும் எண்ணத்தக்கது. 2015-இல் வேர்ல்பூல் நிறுவனத்திற்குரியவையாக இருந்த ஹாட்பாயிண்ட், இன்டெசிட் முதலிய பெயர்களில் 2004-க்கும் 2015-க்கும் இடையே விற்கப்பட்ட உலர்த்திகள் பலவற்றில், பிசிறு சூட்டுக் கம்பியின்மீது விழுந்து தீப்பற்றக்கூடிய குறை இருப்பது தெரியவந்து, 2015 நவம்பரில் அந்நிறுவனம் அதனை அறிவித்தது. பழுது நீக்கப்படும்வரை, அருகில் ஆள் இருக்கும்போது இயந்திரத்தைப் பயன்படுத்தலாம் என்பதே அப்போது தரப்பட்ட அறிவுரை. 2016 ஆகஸ்டு 19-ஆம் நாள், இலண்டனில் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியிலுள்ள ஷெப்பர்ட்ஸ் கோர்ட் என்னும் 18 மாடிக் கட்டடத்தில், ஒரு வீட்டில் இருந்த இத்தகைய உலர்த்தியிலிருந்து எழுந்த தீ மேல்மாடிகளுக்கும் பரவியது. 120 தீயணைப்பு வீரர்கள் போராடி அதனை அடக்கினர். குடும்பங்கள் பல வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது, உயிர்ச்சேதம் நேரவில்லை. அருகில் ஆள் இருப்பது தீயைத் தடுத்துவிடாது என்பதை உலகம் அன்று கண்டது. 2017-இல் அறிவுரை மாற்றப்பட்டு, பழுது நீக்கும்வரை மின்செருகியைக் கழற்றி வைக்கும்படி கூறப்பட்டது. எஞ்சியிருந்த இயந்திரங்களைத் திரும்பப் பெறும் ஏற்பாடு 2019-இல்தான் வந்தது; அவ்வேளையிலும் 5 இலட்சம் வரையிலான இயந்திரங்கள் இல்லங்களில் இருக்கலாமென்று கணக்கிடப்பட்டது. பழைய உலர்த்தியை விலைக்கோ இனாமாகவோ பெறும் நம் பிள்ளைகள், அதன் பின்புறமுள்ள மாதிரி எண்ணைக் குறித்து, நிறுவனத்தின் அறிவிப்போடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

நம்மவர்க்கென்றே உரிய ஓர் ஆபத்தும் உண்டு. அயல்நாடு சென்றும் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விடாத குடும்பங்கள் உள்ளன. அது நல்ல பழக்கமே. ஆனால் எண்ணெய் தோய்ந்த துண்டையும், தாளிப்புச் சட்டியைத் துடைத்த அடுக்களைத் துணியையும் ஒருமுறை சாதாரண நீரில் அலசிவிட்டு உலர்த்தியில் போட்டுவிடுகிறார்கள். துணியில் எஞ்சி நிற்கும் தாவர எண்ணெய் காற்றிலுள்ள உயிர்வாயுவோடு கூடித் தானாகவே வெப்பத்தை வெளியிடும். சூடான துணியைக் குவியலாக விட்டால், அவ்வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளுக்குள்ளேயே ஏறிக்கொண்டே போய், இயந்திரம் நின்று சில மணி நேரம் கழிந்த பின்னும் தீப்பற்றும். எண்ணெய்த் துணிகளை வெந்நீரில், போதிய சோப்பிட்டு, தேவையானால் இருமுறை துவைத்து, கொடியிலேயே உலர்த்துங்கள். உலர்த்தியின் ஓட்டத்தில் கடைசிச் சில நிமிடங்கள் சூடின்றி வெறுங்காற்றே வீசும். துணியை ஆறவைப்பதற்காகவே அந்த ஏற்பாடு. அவசரப்பட்டு இடையில் நிறுத்தித் துணியைச் சூட்டோடு கூடையில் அள்ளிக் குவிப்பது தவறு. இரவில் உலர்த்தியை ஓடவிட்டு உறங்கச் செல்வதையும், வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே செல்வதையும் தீயணைப்புத் துறையினர் எங்கும் கண்டித்தே வருகின்றனர்.

மழை நாட்களில்

சேவுகம்பட்டியில் சூட்டு உலர்த்தி வாங்கவேண்டிய தேவை மிகச் சில இல்லங்களுக்கே இருக்கும் என்பது நம் கருத்து. ஆண்டில் பெரும்பகுதி தங்கு தடையின்றி வெயில் காயும் ஊர் இது. இடர் தருவது ஐப்பசி முதல் மார்கழி வரையிலான சில வாரங்களே. அந்நாட்களில் டிரையர் தொட்டியில் ஒருமுறை சுழற்றிய துணியை எடுத்து, உதறி, இடம் மாற்றி அடுக்கி, இன்னொரு முறை சுழற்றினால் மேலும் சிறிது நீர் வடியும். தடித்த துணிகளில் இவ்வேறுபாடு நன்கு புலப்படும்.

பின்னர் அறைக்குள் கொடி கட்டுகையில், துணிக்கும் துணிக்கும் நான்கு விரற்கடை இடைவெளி விடுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்ட துணி, குவித்து வைத்த காப்பிக் கொட்டைக்கு நிகர். சட்டையைக் கொடியில் மடித்துப் போடுவதைவிட ஹேங்கரில் மாட்டினால் உட்புறமும் காற்றுப்படும். கால்சட்டையின் பையை வெளியே இழுத்துவிடுங்கள். மின்விசிறியை ஓடவிட்டு, எதிரெதிரான இரு சன்னல்களையும் திறந்து வைக்க வேண்டும். எல்லாவற்றையும் அடைத்துவிட்டு விசிறியை மட்டும் சுற்றவிட்டால் அறைக் காற்று ஈரத்தால் நிறைந்து, சுவரில் பூஞ்சை பூக்கும். மறுநாள் காலையிலேயே வேண்டிய சீருடையை, உலர்ந்த பருத்தித் துண்டின்மேல் விரித்து, துண்டோடு சேர்த்துப் பாய்போல் சுருட்டி, முழங்காலால் அழுத்திவிட்டு எடுத்தால், துண்டு ஈரத்தைப் பெருமளவு உறிஞ்சிக்கொள்ளும். அதன்பின் காலர், பட்டி, பைத் தையல் ஆகிய தடித்த இடங்களில் மட்டும் இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்தால், விசிறியடியில் ஓர் இரவு தொங்கும் சட்டை விடியலில் உடுத்தத் தக்கதாயிருக்கும். ஈரத் துணியைக் குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்திலோ, எரியும் அடுப்புக்கு மேலேயோ, மின்கம்பியின்மீதோ தொங்கவிடும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. அவற்றை இன்றே அகற்றிவிடுங்கள். வீட்டின் மின்கம்பிக்கருகே உலோகக் கம்பியால் கொடி கட்டியிருந்தால் அதனையும் அவிழ்த்து, அவ்விடத்தை விட்டு விலகி நைலான் கயிறோ தேங்காய்நார்க் கயிறோ கட்டுங்கள்.